55-ல் கையெழுத்துப் போடாதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலும் ஆலைகளிலும் ஆள் விவகாரம் பார்ப்பது என் தொழில். அண்மையில் செம்பனை எண்ணெய் ஆலையில் குலைகளைத் தரம் பார்க்கும் ஒரு பெரியவர், வயது 56, ஓய்வு பெறச் சொல்லும் ஒரு கடிதத்தோடு வந்தார்.

“சேமநிதிக் காசுதான் வந்துடுச்சே, கையெழுத்துப் போட்டுட்டுப் போங்கன்னு சொல்றாங்க தம்பி. போட்டுடவா?”

“வேண்டாம் ஐயா” என்றேன்.

55 வயதில் சேமநிதியை, அதாவது மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த இபிஎஃப் பணத்தை, எடுக்கலாம். அதனாலேயே 55தான் ஓய்வு வயது என்று நம் ஆட்கள் பலர் இன்னும் நம்புகிறார்கள். 2013 ஜூலை 1 முதல் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. 60 ஆகும் முன் வயதைக் காட்டி அனுப்பினால் முதலாளிக்கு 10,000 ரிங்கிட் வரை அபராதம். அப்படி அனுப்பப்பட்டவர் 60 நாளுக்குள் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்க வேண்டும். நீங்களே விரும்பி ஓய்வு பெறுவதாகக் கையெழுத்திட்டுவிட்டால் பிறகு வாதாடுவது சிரமம். தோட்டத்து வீட்டில் குடியிருப்பவருக்கு வேலையோடு கூரையும் போய்விடும், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நிர்வாகிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 58 வயதுக்காரரால் நாள் முழுக்கக் குலை அறுத்துச் சுமக்க முடியாது, உண்மைதான். உடனே உதிரிப்பழம் பொறுக்க அனுப்பிவிடுகிறீர்கள். இலேசான வேலை என்று நினைப்பு. குனிந்து குனிந்து எழும் அந்த முழங்காலைக் கேட்டால் தெரியும்! நாற்றுமேடையில் வையுங்கள். புதிதாக வரும் வெளிநாட்டுத் தொழிலாளருக்குப் பழுத்த குலையை அடையாளம் காட்ட வையுங்கள். காயாக வெட்டினால் எண்ணெய் குறைகிறது, கனிந்து நசுங்கினால் அமிலம் ஏறுகிறது. மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழத்தைப் பார்த்தே பதம் சொல்லும் கண் ஒரு வாரப் பயிற்சியில் வருவதில்லை.

60 தாண்டியவரை ஒப்பந்தத்தில் வைத்துக்கொள்ளலாம். சேமநிதிக்கு முதலாளி 4 விழுக்காடு கட்டினால் போதும், தொழிலாளி கட்ட வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் சொக்சோ எனும் தொழிலாளர் சமூகக் காப்புறுதியில் வேலை தொடர்பான விபத்துக்கும் நோய்க்கும் மட்டுமே பாதுகாப்பு உண்டு. இதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வேலை நேரத்தை மாற்றித் தரும்படி தொழிலாளி எழுதிக் கேட்கவும் 2023 முதல் சட்டத்தில் இடம் இருக்கிறது. முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும்.

அந்தப் பெரியவரிடம், வேலையில் எது கஷ்டம் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, “மத்தியானத்துல சிமெண்டுத் தரையில நிக்கிறதுதான் தம்பி” என்றார். மறுநாள் அவரோடு போய் மேலாளரிடம் பேசினேன். இதுவரை யாரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை என்று மேலாளரே ஒப்புக்கொண்டார். கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். லாரி குலை கொட்டும் இடத்தில், நிழலில், இப்போது ஒரு நாற்காலி இருக்கிறது.