எண்ணெய் குடிக்கும் இன்ஜினும் நடுங்கும் முள்ளும்

என் பழைய காரின் நோய் முதலில் கண்ணில் பட்டது பினாங்கின் ஜாலான் துன் சார்டோனில், பாலிக் பூலாவ் பக்கம் இறங்கும் மலைப்பாதையில். ஏறும்போது புகையே இல்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இரண்டாம் கியரில் வளைவுகளை இறங்கி, அடிவாரத்தில் மறுபடி மிதித்ததும் பின்னால் நீலப்புகை குபீரென்று கிளம்பியது. அப்போது 1,000 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1 லிட்டர் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன். இரவில் காருக்கடியில் விரித்த அட்டையில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. ஒழுகவில்லை என்றால் எரிகிறது.

"பிஸ்டன் வளையம் தேய்ந்துவிட்டது, இன்ஜினை முழுக்கப் பிரிக்க வேண்டும்" என்றார்கள் ஒரு பட்டறையில். பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையிலான இடுக்கை அடைப்பது அந்த வளையம். பட்டர்வொர்த்தில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், "பொறு தம்பி, முதலில் முள்ளைப் பார்ப்போம்" என்று காற்று உள்ளே போகும் குழாயில் வெற்றிட அளவியை மாட்டினார்.

நின்ற இடத்தில் இன்ஜின் ஓடும்போது காற்று வரும் வழியைத் திராட்டில் தகடு ஏறக்குறைய அடைத்துவிடுகிறது. பிஸ்டன்களோ காற்றை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. அதனால் குழாய்க்குள் அழுத்தம் சரிகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் ஏறத்தாழ 30 அங்குலப் பாதரசம். குழாய்க்குள் அழுத்தம் அதைவிட எவ்வளவு குறைவு என்பதையே அளவி காட்டும். நல்ல இன்ஜினில் முள் 17 முதல் 22 அங்குலம் வரை காட்டி, ஆடாமல் நிற்கும். (கெந்திங் மலையில், சுமார் 6,000 அடி உயரத்தில், அதே இன்ஜின் ஏறத்தாழ 6 அங்குலம் குறைவாகக் காட்டும். அதைக் கண்டு பயந்துவிடக் கூடாது.)

எங்கள் முள் 16க்கும் 19க்கும் நடுவே படபடவென்று துடித்தது. வேகத்தைக் கூட்டியதும் அடங்கியது. அந்த அடங்கலில்தான் விடை இருந்தது. சிலிண்டருக்குள் காற்று போய்வரும் வழியைத் திறந்து மூடும் வால்வின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் வேகம் கூடக்கூடத் துடிப்பும் கூடும். ஒரு வால்வு கருகியிருந்தால் முள் தாளம் தவறாமல் விட்டுவிட்டு விழும். குறைந்த வேகத்தில் நடுங்கி, வேகத்தில் அடங்கினால், வால்வுத் தண்டு ஏறியிறங்கும் குழல், அதாவது கைடு, தேய்ந்திருக்கிறது என்று பொருள்.

தண்டுக்கும் கைடுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு முடியின் தடிமனைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும். அது அகன்றால் மேலேயிருந்து காற்றும் எண்ணெயும் சேர்ந்து உள்ளே இழுபடும், வால்வும் நேராக அமராது. மலையிறங்கும்போது தகடு மூடியிருக்க, இன்ஜின் வேகமாகச் சுழல்வதால் உறிஞ்சல் உச்சத்தில் இருக்கிறது. அப்போது உள்ளே புகுந்த எண்ணெய்தான் அடிவாரத்தில் எரிந்து புகைந்தது. வளையம் தேய்ந்திருந்தால் புகை ஏற்றத்திலேயே வந்திருக்கும்.

அண்ணன் அதோடு விடவில்லை. இன்ஜின் அடியறையின் ஆவியை வெளியேற்றும் வால்வைக் கழற்றிக் குலுக்கினார். கலகலவென்று ஒலித்தது, அடைப்பில்லை. பிறகு ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்து, ஸ்பார்க் பிளக் துளை வழியாக ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளந்தார். வளையம் பழுதானால் எண்ணெய் இடுக்கை அடைத்து அழுத்தம் சட்டென ஏறும். ஏறவில்லை.

வால்வுகள் இருக்கும் சிலிண்டர் தலையை மட்டும் கழற்றினார். வால்வு ஒன்றைச் சற்றே உயர்த்தி என் விரலை வைக்கச் சொன்னார். ஆடும் பல்லைப் போல அது இருபுறமும் அசைந்தது. அதன் முதுகில் எண்ணெய் எரிந்த கரி தார்போல் திரண்டிருந்தது.