வேரியோலாய்டுன்னா சின்னம்மை இல்ல

19ம் நூற்றாண்டு டாக்டருங்க எழுதினதை எடுத்துப் படிச்சா வேரியோலாய்டுன்னு ஒரு சொல் அடிக்கடி கண்ணுல படும், பாண்டிச்சேரியில பிரெஞ்சு படிச்ச பெரியவங்க அதையே வரியோலோயித்னு சொல்லுவாங்க. தமிழ்ல எழுதுறவங்க நிறைய பேரு இதை சின்னம்மைன்னு போட்டுட்டு போயிடுறாங்க, அது சரியே இல்ல. சின்னம்மைக்கு கிருமியே வேற. வேரியோலாய்டு அசல் பெரியம்மை, அதே கிருமிதான், ஆனா முன்னாடியே அம்மை குத்தியிருந்த, அதாவது தடுப்பூசி போட்டிருந்த உடம்புக்குள்ள வந்ததால வேகம் கொறஞ்சு வந்துட்டு போகும்.

சொல்லு வந்த வழி லத்தீன்ல ஆரம்பிக்குது. புள்ளி புள்ளியா இருக்கிறதுக்கு வாரியுஸ், பருவுக்கு வாருஸ், இந்த ரெண்டுல ஒண்ணுல இருந்து வேரியோலா வந்துச்சுன்னு சொல்றாங்க, அதோட கிரேக்கத்துல "மாதிரி"ன்னு பொருள் தர்ற ஒட்டு சேர்ந்து "பெரியம்மை மாதிரி"ன்னு ஆச்சு. சின்னம்மைக்கு பிரெஞ்சுல சொல்ற வரிசெல்லும் வேரியோலாவை சுருக்கி செஞ்ச பேருதான், அதனாலயே குழப்பம் ஈஸியா வந்துடுது. எடின்பரோவுல ஜான் தாம்சன்னு ஒரு டாக்டர் 1820ல அங்க பரவின அம்மையைப் பத்தி எழுதினப்போ இந்த சொல்லைத்தான் போட்டாரு, அவரோ பெரியம்மையும் சின்னம்மையும் ஒரே மூலத்துல இருந்து வருதுன்னு நம்பினவரு!

இங்கிலாந்து டாக்டர் ஜென்னர் 1796ல பெரியம்மைக்கு தடுப்பூசி போட்டு காட்டினப்போ ஒரு தடவை குத்தினா ஆயுசுக்கும் போதும்னுதான் நெனச்சாங்க. ஆனா வருஷம் போகப் போக அந்தக் காப்பு கொறஞ்சுடுது, அப்படிப்பட்டவங்களுக்கு பெரியம்மை தொத்தினா காய்ச்சல் அடிச்சு கொப்புளம் கொஞ்சமா வந்து சீக்கிரமே காஞ்சு உதிர்ந்துடும், உயிருக்கு பயம் ரொம்ப கம்மி. பயப்பட வேண்டியது பக்கத்துல இருக்கிறவங்கதான். லேசா வந்தவங்க கிட்ட இருந்து அம்மை குத்தாத குழந்தைக்கு தொத்தினா அங்க முழு வேகத்தோட வரும். ஆபிரகாம் லிங்கன் 1863 நவம்பர்ல கெட்டிஸ்பர்க்ல பேசிட்டு திரும்பி படுத்தப்போ டாக்டருங்க வேரியோலாய்டுதான்னு சொன்னாங்க, அவரு எழுந்துட்டாரு, அவர்கிட்ட வேலை பார்த்த வில்லியம் ஜான்சனோ பெரியம்மை வந்து 1864 ஜனவரியில செத்துப்போனாரு. இதைப் படிச்சிட்டு யாராவது சின்னம்மைன்னு எழுதினா எனக்கு மனசு கேக்க மாட்டேங்குது.

இந்த விஷயத்துல உலகத்துக்கே கணக்கு கொடுத்தது நம்ம மெட்ராஸ். அங்க தொற்றுநோய் ஆஸ்பத்திரியில டாக்டர் ஏ.ஆர்.ராவ் 6,942 பெரியம்மை நோயாளிங்களைப் பார்த்து நோயை வகை பிரிச்சாரு, அந்த வகைப்பாட்டைத்தான் 1972ல உலக சுகாதார நிறுவனமும் ஏத்துக்கிச்சு. அம்மை குத்தினவங்கள்ல 100க்கு 25 பேருக்கு இந்த லேசான வகைதான் வந்திருக்கு, குத்தாதவங்கள்ல 100க்கு 2 பேருக்குத்தான். அப்போ அதுக்கு வேரியோலாய்டுங்கிற பேரை விட்டுட்டு மாறின வகைன்னு பேரு வெச்சாங்க.

சரி, தமிழ்ல என்ன சொல்றது? நம்ம சித்த மருத்துவத்துல அம்மை 14 வகை, கடுகம்மை, மிளகம்மை, கொள்ளம்மை, பாசிப்பயறு அம்மைன்னு கொப்புளம் எந்த தானியம் மாதிரி இருக்குன்னு பார்த்தே பேரு வெச்சிருக்காங்க, வடமொழி மசூரிகையும் மசூர் பருப்பை வெச்சு வந்ததுதான். அழகான பேருங்க, ஆனா இதெல்லாம் உருவத்தை சொல்லும், கிருமியை சொல்லாது, அதனால இதுல ஒண்ணை எடுத்து வேரியோலாய்டுக்கு ஒட்ட முடியாது. கடலூர் பாண்டி பக்கத்துல "அம்மா வார்த்திருக்கு"ன்னு சொல்லுவோம், கொறஞ்சதும் "தணிஞ்சிடுச்சு"ன்னு சொல்லுவோம். அந்த தணியறதை எடுத்து "தணிந்த பெரியம்மை"ன்னு எழுதினா நோய் என்னன்னும் தெரியுது, வேகம் கொறஞ்சதும் தெரியுது. போலி அம்மைன்னு வேண்டாம், நோய் பொய் இல்லையே.

இன்னொண்ணையும் இதோட கலக்கக் கூடாது, அலாஸ்ட்ரிம், அதுவும் பெரியம்மையில ஒரு வகை. அது போர்த்துகீசிய மொழியில பரவுறதுங்கிற சொல்லுல இருந்து வந்த பேரு, பிரேசில்ல பழகினது. அது லேசா வந்தது உடம்புல காப்பு இருந்ததால இல்ல, கிருமியே வீரியம் கம்மியான வகை, 100 பேருக்கு வந்தா ஒருத்தர் சாகுற அளவுதான், வீரியம் அதிகமான பெரிய வகையில 100க்கு 30 பேரு வரைக்கும் போகும். இங்கிலீஷ்ல சில பேரு இதை பால் அம்மைன்னு சொன்னதைப் பார்த்துட்டு நம்ம பாலம்மைன்னு போட்டுடாதீங்க, அது சித்த மருத்துவத்துல இருக்கிற வேற பேரு. இதுக்கு "சிறுவகைப் பெரியம்மை" பொருந்தும். 1977 அக்டோபர்ல சோமாலியாவுல மெர்கா ஊர்ல அலி மாவ் மாலின்னு ஒரு ஆஸ்பத்திரி சமையல்காரருக்கு வந்துச்சே, தானா பரவின பெரியம்மையில உலகத்துல கடைசி ஆளு, அவருக்கு வந்தது இந்த வகைதான்.