போலீஸ் உதவி கேட்கும் முன்: மனநலம் பாதித்தவர்களின் குடும்பத்துக்கு

வீட்டில் ஒருவருக்கு மனநோய் முற்றி, சமாளிக்க முடியாமல் ஸ்டேஷனுக்கு ஓடும் சேலம் குடும்பங்கள் ஏமாறுவது புகார் மனுவில்தான். "அடிச்சான்னு எழுதிக் குடுங்க, அப்பத்தான் வர முடியும்" என்பார்கள். பதற்றத்தில் அம்மாவும் எழுதிக் கொடுத்துவிடுவார். சிகிச்சைக்குப் போக வேண்டிய மகன் அடிதடி வழக்கில் சிக்குவான்.

அப்படி எழுதவே தேவையில்லை. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆவது பிரிவு போதும். மனநோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்தாகக்கூடியவரைப் பாதுகாப்பில் எடுப்பது ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியின் கடமை. குற்றம் நடந்திருக்க வேண்டும் என்பதில்லை. மனுவில் "மனநோயாளி, ஆபத்தான நிலையில் இருக்கிறார், பிரிவு 100-ன்படி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்" என்று எழுதினால் போதும். ஸ்டேஷனில் மனு எழுதும் ரைட்டர் எழுதித் தந்தால் முழுக்கப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

"கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க" என்று இன்னும் சிலர் திருப்பி அனுப்புகிறார்கள். அது 1987ஆம் வருடத்துப் பழைய மனநலச் சட்டத்தின் பழக்கம். இந்தப் பிரிவுக்கு ஆர்டர் வேண்டாம்.

ஏற்காட்டுக்காரர்களுக்கு எல்லைத் தகராறு வேறு. மலையில் போலீஸ் மாவட்ட எஸ்.பி.யின் கீழ், கீழே சேலத்தில் மாநகர கமிஷனரின் கீழ். ஆனால் ஆள் எந்த ஸ்டேஷன் எல்லையில் இருக்கிறாரோ, அந்த ஸ்டேஷனுக்குத்தான் கடமை. அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அவர்களே கொண்டுபோக வேண்டும், அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள். அதுவரை லாக்கப்பில் வைக்கலாமா? கூடவே கூடாது, ஒரு ராத்திரிக்குக்கூட. "காலையில பாத்துக்கலாம்" என்றால் இதைச் சொல்லுங்கள்.

சேலம் ஜி.எச்.சில் அடுத்த இழுபறி. ஆதார் எங்கே, கூட யார் இருப்பது என்று வாசலிலேயே நிறுத்துவார்கள். பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வது மருத்துவ அலுவலரின் பொறுப்பு. பரிசோதிக்காமல் அனுப்ப முடியாது. சேர்க்கத் தேவையில்லை என்று டாக்டர் சொன்னால், போலீஸ்தான் வீட்டில் கொண்டுவிட வேண்டும். பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டுப் போவது சட்டமீறல். வீடற்றவர் என்றால் அரசுக் காப்பகத்தில் சேர்க்க வேண்டும். காணாமல் போனவர் என்று எஃப்.ஐ.ஆர். போட்டு உறவினரையும் தேட வேண்டும்.

எங்கேயாவது மறுத்தால் அதிகாரியின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, 15100-க்கு அழையுங்கள். அது சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் எண். வக்கீல் உதவி இலவசம்.