'சமாளிக்கிறார்' என்ற ஒரு சொல்

மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு விண்ணப்பித்து, நிராகரிக்கப்பட்ட பிறகு என்னிடம் வருகிறவர்களின் ஃபைலைத் திறந்தால், நோய்க்கு ஆதாரம் நிறையவே இருக்கும். ஸ்கேன் படம், ரத்தப் பரிசோதனை, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு எல்லாம் தேதிவாரியாக அடுக்கியிருப்பார்கள். பக்கவாதம் வந்தது என்பதை ஐந்து காகிதங்கள் சொல்லும். அந்த மனிதர் இன்று காலை சட்டை போட்டது எப்படி என்பதை ஒரு காகிதமும் சொல்லாது.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். அன்றாட வேலைகளை ஒருவர் எப்படிச் செய்கிறார் என்று பார்ப்பதுதான் என் தொழில், அதனால்தான் இந்தக் குறை கண்ணில் படுகிறது. விண்ணப்பத்தைப் படிக்கும் அதிகாரிக்குத் தெரிய வேண்டியவை இரண்டு: என்ன பாதிப்பு, அதனால் எது முடியாமல் போகிறது. முதலாவதை மருத்துவர் எழுதிவிடுவார். இரண்டாவதை எழுதுவது யார் வேலை என்று யாருக்கும் தெரிவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2001-இல் கொண்டுவந்த ஐசிஎஃப் வகைப்பாடு நோயின் பெயரை மட்டும் பார்க்காமல் உடல் செயல்பாடு, அன்றாடச் செயல்கள், சமூகப் பங்கேற்பு, சுற்றுச்சூழல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. பல நாடுகளின் படிவங்களில் அதன் சாயலைக் காணலாம்.

எல்லா நாட்டிலும் ஒரே அளவுகோல் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவின் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 40 சதவீதப் பாதிப்பை ஒரு எல்லையாக வைக்கிறது. ஆஸ்திரேலியாவின் மாற்றுத்திறனாளி காப்பீட்டுத் திட்டமான என்டிஐஎஸ் (NDIS), பாதிப்பு நிரந்தரமானதா என்று கேட்கிறது. பிரிட்டனின் பிஐபி (PIP) உதவித்தொகை, ஒரு வேலையைச் செய்ய முடியுமா என்பதோடு நிற்பதில்லை: பாதுகாப்பாக, சரியான தரத்தில், தேவைப்படும்போதெல்லாம் திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்ய முடியுமா என்றும் பார்க்கிறது. உங்கள் ஊர் விதி எதுவாக இருந்தாலும், இந்த நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொண்டு எழுதினால் படிவம் தானாகவே தெளிவாகும்.

ஒருவரிடம் "குளிக்க உதவி வேண்டுமா?" என்று கேட்டேன். "அதெல்லாம் நானே குளிச்சுக்குவேன்" என்றார். படிவத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தார். மனைவியிடம் கேட்டபோதுதான் விஷயம் வந்தது. வெந்நீரை அவர்தான் கலந்து வைக்கிறார். கணவர் ஸ்டூலில் உட்கார்ந்து குளிக்கிறார், முக்கால் மணி நேரமாகிறது. விழுந்துவிடுவாரோ என்று இவர் கதவுக்கு வெளியே நிற்கிறார். முதுகும் கால்களும் நனைவதோடு சரி. இத்தனையும் சேர்ந்ததுதான் அந்த 'நானே'. நம்மவர்களுக்கு அடுத்தவர் கையை எதிர்பார்க்கிறேன் என்று சொல்ல வாய் வராது. அந்த மானத்தை நான் மதிக்கிறேன். ஆனால் படிவம் அதைப் படிக்காது. அதில் இருக்க வேண்டியது இதுதான்: யார் உதவுகிறார், என்ன செய்கிறார், எவ்வளவு நேரம், வாரத்தில் எத்தனை நாள், உதவி இல்லாத நாளில் என்ன நடக்கிறது.

'சமாளிக்கிறார்' என்ற சொல்லை நான் ரிப்போர்ட்டில் எழுதுவதை நிறுத்திப் பல வருடங்களாகிறது. பள்ளிக்கூடக் கடிதங்களிலும் இதே சிக்கல் உண்டு. 'வகுப்பில் நன்றாக ஈடுபடுகிறான்' என்று ஆசிரியர் அன்பாக எழுதித் தருவார். பக்கத்திலேயே ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் சுட்டிக்காட்டுவதால்தான் ஈடுபடுகிறான் என்பது விட்டுப்போகும்.

இதற்காக மிகைப்படுத்தவும் வேண்டாம். மோசமான நாளை மட்டும் எழுதச் சொல்லி அறிவுரை தருகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நல்ல நாள் எப்படி, மோசமான நாள் எப்படி, மாதத்தில் எது எத்தனை என்று எழுதுங்கள். இரண்டு வாரம் ஒரு நோட்டில் தினமும் நாலு வரி குறித்தாலே போதும். நேரில் மதிப்பிட வருகிறவர் கண்டிப்பாகக் குறுக்குக் கேள்வி கேட்பார். உண்மையாக எழுதியவர் அப்போது தடுமாற மாட்டார்.

அந்தக் குறிப்பை ஒரே பக்கமாகச் சுருக்கி மருத்துவரிடம் கொடுத்துவிட்டுச் சான்று கேளுங்கள். பத்து நிமிடச் சந்திப்பில் உங்கள் குளியலறை அவருக்கு எப்படித் தெரியும்?

மதிப்பெண் அட்டவணைகளிலும் ஒரு பொறி இருக்கிறது. பார்தெல் குறியீடு சாப்பிடுவது, உடுத்துவது, கழிப்பறை போவது, படி ஏறுவது போன்ற 10 செயல்களைப் பார்க்கும். கை கால் நன்றாக இருக்கும் ஆட்டிசம் அல்லது மனநலப் பாதிப்பு உள்ளவர் அதில் 100-க்கு 100, அதாவது உதவியே தேவையில்லை என்ற மதிப்பெண், வாங்கிவிடலாம், தனியாக வெளியே அனுப்ப முடியாதவராக இருந்தாலும். உலக சுகாதார நிறுவனத்தின் வூடாஸ் 2.0 (WHODAS) கேள்விப் பட்டியல் கடந்த 30 நாட்களில் புரிந்துகொள்ளுதல், பிறரோடு பழகுதல், வீட்டு வேலை, சமூகத்தில் கலந்துகொள்ளுதல் ஆகியவற்றையும் விசாரிக்கிறது. எந்தக் கருவியால் அளந்தார்கள் என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்.

அப்புறம், சின்ன விஷயம்தான்: பெயரின் எழுத்துகளும் பிறந்த தேதியும் எல்லாக் காகிதத்திலும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். கொடுக்கும் ஒவ்வொன்றுக்கும் நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

நிராகரித்துக் கடிதம் வந்தால் முதலில் மேல்முறையீட்டுக்கான கடைசித் தேதியைக் குறித்துவிட்டு, காரணத்தை நிதானமாகப் படியுங்கள். ஒரு குடும்பம் கடிதத்தைப் பாதியோடு மடித்துவிட்டுப் புதிதாக ஸ்கேன் எடுக்கக் கிளம்பியது. நோயை அங்கே யாரும் சந்தேகிக்கவே இல்லை. 'சிகிச்சையால் இனி முன்னேற்றம் வருமா என்பது தெளிவாக இல்லை' என்பதுதான் காரணம். அதற்குத் தேவைப்பட்டது சிறப்பு மருத்துவரின் நாலு வரிக் கடிதம்: என்னென்ன சிகிச்சை செய்தோம், எவ்வளவு பலன், இனி செய்வதற்கு என்ன மிச்சம்.