ஆர்கானுக்குள் காணாமல் போன மோதல்

எலக்ட்ரான் மெதுவாக வந்தால் அணுவின் பக்கத்தில் அதிக நேரம் இருக்கும், ஆகவே நன்றாகத் திசைமாறிச் சிதறும் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் 1921-ல் ஜெர்மனியின் கார்ல் ராம்சாவர் ஆர்கான் வாயுவுக்குள் எலக்ட்ரான்களை அனுப்பி, வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனபோது மோதல்களும் குறைந்துகொண்டே வந்தன. ஒரு எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் (எலக்ட்ரானின் ஆற்றலை அளக்கும் அலகு அது) கீழே ஓர் ஆற்றலில், ஆர்கான் அங்கே இல்லவே இல்லை என்பதுபோல எலக்ட்ரான்கள் பாட்டுக்குக் கடந்துவிடுகின்றன!

எலக்ட்ரானை உருண்டையாக நினைக்கும்வரை இது புரியாது. அது அலை. அணுவின் ஈர்ப்புக்குள் நுழைந்ததும் அலைநீளம் சுருங்குகிறது, அதனால் வெளியே வரும்போது அலை கொஞ்சம் தள்ளிப்போயிருக்கும். அந்தத் தள்ளல் சரியாக முழு எண்ணிக்கையிலான அரை அலைகளாக அமைந்துவிட்டால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவுமே நடக்காத மாதிரிதான். மோதல் கணக்கு என்பதன் அடிப்படையே, இந்தத் தள்ளல் எவ்வளவு என்று கண்டுபிடிப்பதுதான்.

சரி, கண்டுபிடித்துவிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். வருகிற எலக்ட்ரான் அணுவின் எலக்ட்ரான் மேகத்தைத் தள்ளி உருக்குலைக்கிறது. அந்த உருக்குலைவு திரும்ப அதையே இழுக்கிறது. போதாததற்கு எல்லா எலக்ட்ரான்களும் ஒரே மாதிரி, வந்ததுதான் வெளியே போனதா, உள்ளே இருந்ததா என்று கேட்கவே முடியாது.

ஹைட்ரஜனையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அணுவுக்கு ஷ்ரோடிங்கர் 1926-லேயே தாளில் விடை எழுதிவிட்டார். இன்னொரு எலக்ட்ரானை அதன்மேல் மோதவிட்டால் மூன்று துகள்கள், தாளில் விடை கிடையாது. 1992-ல் ஆஸ்திரேலியாவில் இகோர் பிரேயும் ஆண்ட்ரிஸ் ஸ்டெல்போவிக்ஸும், அணுவின் எலக்ட்ரான் இருக்கக்கூடிய, முடிவில்லாமல் நீளும் நிலைகளுக்குப் பதில் சில நிலைகளை மட்டும் வைத்துக் கணக்கிட்டு, விடை மாறுவது நிற்கும்வரை அவற்றைக் கூட்டிக்கொண்டே போனார்கள். கேட்க முரட்டுத்தனமான வழி, ஆனால் எனக்கு இதுதான் பிடித்தது. இரண்டு எலக்ட்ரான்களும் பிய்த்துக்கொண்டு ஓடும் நிகழ்வின் முழுமையான எண்வழி விடை 1999-ல், அமெரிக்காவில் சூப்பர் கம்ப்யூட்டர்களை வைத்துத்தான் வந்தது.

மூலக்கூறு என்றால் அணுக்கருக்களும் அதிர்ந்துகொண்டிருக்கும். நைட்ரஜன் மூலக்கூறு 2.3 எலக்ட்ரான் வோல்ட் அருகே எலக்ட்ரானைக் கண நேரம் பிடித்துவைத்து அப்புறம் விட்டுவிடும். விட்ட பிறகும் மூலக்கூறு ஆடிக்கொண்டிருக்கும். இப்படி ஒட்டிக்கொள்ளும் மெதுவான எலக்ட்ரான்கள் டிஎன்ஏ இழையையே அறுக்கும் என்று 2000-ல் சோதனை காட்டியது. ஆனால் டிஎன்ஏ முழுவதையும் ஒரே கணக்கில் அடக்க முடியாது, அதனால் அதன் துண்டுகளைத் தனித்தனியாக எடுத்துத்தான் கணக்கிடுகிறார்கள்.