விட்டதைப் பிடிக்கக் கிளம்புகிறவர்களுக்கு

"இன்னும் ஒரே தடவை சார், விட்டதைப் பிடிச்சிட்டா அதோட நிறுத்திடுவேன்." சூதாட்டத்தை விட முடியாமல் ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் நான் சலிக்கச் சலிக்கக் கேட்ட பேச்சு இது. சொல்கிறவர் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே நம்பித்தான் சொல்கிறார், சிக்கலும் அங்கேதான். 1913இல் மான்டே கார்லோ சூதாட்ட விடுதியில் ரூலெட் என்ற சுழல்சக்கர ஆட்டத்தின் பந்து தொடர்ந்து 26 தடவை கறுப்பிலேயே விழுந்தது. அடுத்தது சிவப்புதான் என்று சுற்றுக்குச் சுற்று பணத்தைக் கொட்டியவர்கள் காலியானார்கள். கடைசிச் சுற்றிலும் சிவப்புக்கு இருந்த வாய்ப்பு முதல் சுற்றில் இருந்த அதே 37இல் 18தான், சக்கரத்தின் 37 குழிகளில் 18 சிவப்பு என்பதால்.

ஒருவர் என் எதிரிலேயே போனை எடுத்துச் சூதாட்டச் செயலியை அழித்துவிட்டுப் பெருமையாக நிமிர்ந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி, "இது ஏழாவது தடவை சார்" என்றார்.

திரும்ப இறக்கிக்கொள்ள ஒரு நிமிடம் போதுமே! அதனால் நான் முதலில் பணத்தைப் பற்றித்தான் பேசுவேன். சம்பளம் வரும் கணக்கு சில மாதங்களுக்கு நம்பிக்கையான ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும், கார்டு விவரம், நெட் பேங்கிங், கடன் செயலிகள் எல்லாம் போனைவிட்டுப் போகட்டும், கையில் அன்றாடச் செலவுக்கான ரொக்கம் மட்டும். பல தளங்களில் நம்மை நாமே தடைசெய்துகொள்ளும் வசதி உண்டு, அதையும் போட்டுவிடுங்கள். சின்னப் பிள்ளை மாதிரி காசு கேட்டு நிற்பது அவமானமாக இருக்கிறது என்பார்கள். இருக்கும்தான். ஆனால் சூதாட்ட வெறி வெறும் ஒழுக்கக் குறைவு இல்லை. மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம் கையேடு 2013இல் இதை மது, போதைப் பழக்கங்களோடு ஒரே பிரிவில் சேர்த்துவிட்டது.

ஆசை கிளம்பும்போது அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், தள்ளிப்போடுங்கள். போனை வீட்டில் வைத்துவிட்டு அரைமணி நேரம் நடங்கள், பெரும்பாலும் அதற்குள் வேகம் இறங்கிவிடும்.

வீட்டாருக்கு ஒன்று. பாசத்தில் மொத்தக் கடனையும் ஒரே மூச்சில் அடைத்துவிடாதீர்கள். பலருக்கு அது புது ஆட்டத்துக்கு வழிவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது. யாருக்கு எவ்வளவு என்று அவரையே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள், மறைத்தது உட்பட. அப்புறம் தவணை பேசலாம், அதையும் கடன் கொடுத்தவரிடம் நேராகக் கட்டுங்கள். "நான் இல்லாமல் இருந்தாலே நல்லது" என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் கடன் கணக்கை ஓரம் வையுங்கள், தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பார்க்கின்சன் நோய்க்கான சில மாத்திரைகள்கூடச் சூதாட்ட வெறியைக் கிளப்பும். அவர் அப்படி மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், அதை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சரி, எல்லாம் செய்தும் மறுபடி ஆடிவிட்டால்? செயலியை ஏழு தடவை அழித்தவரும் ஆடிவிட்டுத்தான் வந்தார், தலையைக் குனிந்துகொண்டு. எத்தனை மணிக்கு, கூட யார் இருந்தார்கள், காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். இரவு பதினொன்றரை, தனியாக, வீட்டுக்குத் தெரியாத ஒரு பழைய கணக்கு. மறுநாள் மனைவியோடு போய் அதை மூடிவிட்டு வந்தார்.