கல்லாறில் வரும் சத்தம் குன்னூரில் ஏன் நிற்கிறது?

கேத்தி பக்கத்து கேரட் விவசாயி ஒருத்தர் தன் பழைய பெட்ரோல் பிக்கப்பை ஊட்டியில் இருக்கும் என் ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டி வந்தார். பெட்ரோலையும் காற்றையும் கலந்து விடும் கார்புரேட்டர் உள்ள வண்டி. "அண்ணா, மேட்டுப்பாளையம் மண்டியில சரக்கை இறக்கிட்டு உரமூட்டை ஏத்திட்டு வர்றேன். கல்லாறு தாண்டி ஏத்தம் ஆரம்பிச்சதும் தகர டப்பாவுல பயறு போட்டுக் குலுக்கின மாதிரி சத்தம் வருதுங்க. குன்னூர் வந்தா நின்னுடுது. கீழ போடற பெட்ரோல் சரியில்லைங்களா? டைமிங்கைக் கொஞ்சம் குறைச்சு விட்டுடுங்க."

டைமிங் என்றால் பிளக் தீப்பொறி விடும் நேரம். இந்தப் புகார் வருஷத்துக்குப் பலமுறை வரும். வால்வு சத்தம் என்று நினைத்து டேப்பட் (வால்வு இடைவெளி) செட் பண்ணிவிட்டு, அப்புறம் என்னிடம் வருகிறவர்களும் உண்டு. இது பிங்கிங். பிளக் பற்றவைத்த தீ பரவி முடிவதற்குள், மூலையில் மிச்சமிருக்கும் பெட்ரோல் காற்றுக் கலவை சூடும் அழுத்தமும் தாங்காமல் தானாகவே வெடிக்கிறது. அந்த அடி பிஸ்டன் தலையில் விழுகிறது. கண்டுகொள்ளாமல் ஓட்டினால் ரிங் உட்காரும் பள்ளத்தின் விளிம்பு உடையும், ஹெட் பேக்கிங் போகும், சில வண்டிகளில் பிஸ்டனே ஓட்டையாகும்.

பழியைப் பெட்ரோல் மேல் போடும் முன் மலையைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 மீட்டரை ஒட்டி. ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். சிலிண்டருக்குள் போகும் காற்று குறைவு, தீயும் மெதுவாகப் பரவும். அதனால் தீப்பொறி சீக்கிரமே விழும்படி டைமிங்கை முன்னால் தள்ளி வைத்தால் இங்கே இழுவை அருமையாக இருக்கும், சத்தமும் வராது. மெல்லிய காற்றில் கார்புரேட்டர் பெட்ரோலை அதிகமாக விடுவதால், கரும்புகை வராமலிருக்க அதையும் சுருக்கிவிடுவோம். அதே வண்டி கீழே இறங்கி, வெயிலில், அடர்ந்த காற்றில், பாரத்தோடு மூன்றாவது கியரில் ஏறினால் பிங்கிங் அடிக்காமல் என்ன செய்யும்? குன்னூர் உயரத்தில் காற்று மெலிந்ததும் சத்தம் நிற்கிறது. டைமிங்கை வண்டி போகிற மிகத் தாழ்வான ஊருக்குத்தான் வைக்க வேண்டும். ஊட்டியில் கொஞ்சம் இழுவை குறையும், குறையட்டும். சமவெளிக்கு வாரம் இருமுறை போகிறவருக்கு வேறு வழி கிடையாது.

ஆனாலும் அன்று டைமிங்கை மாற்றத் திருப்பும் டிஸ்ட்ரிப்யூட்டரை உடனே தொடவில்லை. ஐட்லிங், அதாவது மிதிக்காமல் எஞ்சின் ஓடும் வேகம், ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கேட்டபோது, சமதளத்தில் லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்தாலும் 'டிக் டிக்' கேட்பதாகச் சொன்னார். பாரத்தில் மட்டும் வந்தால் முதலில் டைமிங்கைச் சந்தேகப்படலாம். லேசான மிதியில், ஐட்லிங் தடுமாற்றத்தோடு வந்தால் எங்கேயோ காற்றுத் திருட்டு இருக்கிறது. கார்புரேட்டருக்குத் தெரியாமல் நுழையும் காற்று கலவையை மெலிதாக்கிச் சூட்டைக் கூட்டும்.

ஒரு முழ ரப்பர் டியூபின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை, சிலிண்டர்களுக்குக் கலவை போகும் மேனிஃபோல்டைச் சுற்றி நகர்த்தினேன். பிரேக் மிதிக்கு உதவும் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸின் வளைவில் 'உஸ்ஸ்' என்றது. யாரோ இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பைப் பிரித்தேன். காய்ந்த முருங்கைக்காய் போல விறைத்த ரப்பர், அடிப்பக்கத்தில் விரல்நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. வெடிப்பை ஒட்டி பிளையரால் நசுக்கிப் பிடித்ததும் எஞ்சின் சீரானது.

"பிரேக் மிதி கல்லு மாதிரி இருக்குங்களே, எப்பவிருந்து?" என்றேன்.

"லோடு ஏத்தினா அப்படித்தான்னு நினைச்சேன் அண்ணா."

எனக்குக் கை நடுங்கியது. இந்த மனிதர் அந்த ஹோஸை நம்பி, முழு லோடோடு பர்லியார் இறக்கத்தில் வாரம் இருமுறை இறங்கியிருக்கிறார். மிதியை லேசாக்குவது எஞ்சின் காற்றை உறிஞ்சுவதால் உண்டாகும் வேக்குவம்தான். மேலே அழுத்தம் குறைவு என்பதால் அந்த உதவி ஏற்கெனவே குறைச்சல். ஓட்டையும் சேர்ந்தால் முழுக்கக் காலின் பலம்தான். பெட்ரோல் மிச்சம் என்று இறக்கத்தில் எஞ்சினை அணைத்து ஓட்டுகிறவர்களே, பூஸ்டரில் தேங்கிய வேக்குவம் சில மிதிகளுக்குத்தான் வரும். தயவுசெய்து கியரிலேயே இறங்குங்கள்.

பெரிய ஹோஸை மாற்றிய பிறகு டிஸ்ட்ரிப்யூட்டருக்குப் போகும் மெல்லிய டியூபைக் கழற்றி வாயால் உறிஞ்சினேன். உள்ளே தட்டு நகர வேண்டும், நாக்கால் மூடினால் நகர்ந்தபடியே நிற்க வேண்டும். நின்றது. டயஃப்ரம், அதாவது அந்தத் தட்டை இழுக்கும் ஜவ்வு, நல்லது. அப்புறம்தான் அந்த டியூபின் வாயை அடைத்து, டைமிங் லைட் பிடித்து, புத்தகத்தில் உள்ள டிகிரிக்கு வைத்தேன். வைத்ததும் டியூபைத் திருப்பி மாட்டினேன். மாட்ட மறந்த வண்டிகளை நிறையப் பார்க்கிறேன்.

ஈஜிஆர் வால்வு உள்ள வண்டிகளில் இன்னொரு வேதனை. "இது வேண்டாத டியூப்" என்று போல்ட் வைத்து அடைத்துவிடுகிறார்கள். எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே விட்டு எரிசூட்டைக் குறைக்கிற வழி அது. அடைத்தால் நைட்ரஜன் ஆக்சைடும் கூடும், பிங்கிங்கும் கூடும். புகைச் சான்றிதழ் பாஸானது என்று நிம்மதி வேண்டாம், பெட்ரோல் வண்டிக்கு அங்கே நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதே இல்லை. காற்றுத் திருட்டு இருக்கும்போது கார்பன் மோனாக்சைடு குறைவாகவே காட்டும்.

வேக்குவம் மீட்டர் வைத்துப் பார்க்கும் தம்பிகளுக்கு: 300 மீட்டர் ஏறினால் பாதரசக் கணக்கில் சுமார் ஓர் அங்குலம் குறையும். கடல்மட்டத்தில் 18 முதல் 21 காட்டும் நல்ல எஞ்சின் ஊட்டியில் 11 முதல் 14தான் காட்டும். டயலில் எழுதியிருப்பதைப் பார்த்து எஞ்சினைப் பிரித்துவிடாதீர்கள். ஹோஸ்களைக் கழற்றும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேக்குவத்துக்கென்று விற்கும் ஹோஸையே போடுங்கள், மீன்தொட்டி டியூப் சூட்டில் இளகி உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும்.

வண்டி வைத்திருப்பவர்கள் வீட்டு வாசலிலேயே ஒன்றைப் பார்த்துவிடலாம். எஞ்சினை அணைத்து, பிரேக்கை நாலைந்து முறை மிதித்தால் மிதி இறுகும். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி கொஞ்சம் கீழே இறங்கவில்லை என்றால், அன்றைக்கு மலை இறங்க வேண்டாம்.